வெண்கல நட்டு

வீட்டிலிருந்து
பிப்ரவரி 11

அன்புள்ள நிதானத்துக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் இருமல் போயிற்றா, இல்லை அதையும் நிதானமாகத்தான் வழியனுப்பப் போகிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பட்டறைக்கு முதல் சாமான் வந்துவிட்டது! ஒரு வைஸ். இரும்பை அதன் வாயில் கவ்வக் கொடுத்துவிட்டு அராவுவீர்களே, அதுதான். எங்கள் முதலாளியின் மோட்டார் கடையில் சேர்ந்த கருகிய செம்புக் கம்பியைப் போடப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே உடைந்த கட்டில் கால்களுக்கு அடியில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. ஒரே துரு. துருவுக்கு மேலே பச்சை பெயின்ட், அதற்கும் மேலே யாரோ தார் வேறு பூசியிருக்கிறார்கள்.

"அது வேணாம்மா, வாயத் திறக்கவே மாட்டேங்குது. உருக்கத்தான் போகும்" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுக்காரரும்தான் வாயத் திறக்க மாட்டாரு. அவர வெச்சு இத்தன வருஷம் குடும்பம் நடத்தலையா?" என்றேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் விலையைக் குறைத்துவிட்டார்.

கைவண்டியில் போட்டுக் கொண்டு வந்தோம். தூக்கி இறக்க இரண்டு ஆள். அத்தைக்குத்தான் காது சுத்தமாகப் போய்விட்டதே, வாசலில் வந்து பார்த்துவிட்டு, "இத எதுக்குடி தூக்கிட்டு வந்த? சமைக்கவா?" என்றார். "உங்க பிள்ள வந்து பட்டறை போடப் போறாருல்ல, அதுக்கு" என்று காதருகில் கத்தினேன். அப்போதுதான் முகம் மலர்ந்தது.

ஆகஸ்டில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அதோடு கப்பலுக்குக் கும்பிடு. பக்கவாட்டுக் கொட்டகையில் நீங்கள் இரும்பு வேலை, நான் மோட்டார் வேலை. போன தடவை கிளம்பும்போது கையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம்.

இப்போது சொல்லுங்கள், இந்த ஊமையின் வாயை எப்படித் திறப்பது? எனக்குக் கை துறுதுறுக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் அவசரம்


கப்பலிலிருந்து
பிப்ரவரி 27

அன்புள்ள அவசரத்துக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது. போகாவிட்டாலும் இன்ஜின் அறைச் சத்தத்தில் நான் இருமுவது எனக்கே கேட்காது. அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படித்துவிட்டு எங்கள் பட்டறைக்குப் போய் இங்கே இருக்கிற வைஸைத் தடவிப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவன், "என்ன ஃபிட்டரே, இரும்பக் கொஞ்சுறீங்க?" என்று கேலி செய்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும். கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி நெம்பாதே. வைஸின் வயிற்றுக்குள் ஒரு நட்டு இருக்கும். திருகு ஓடுவதற்கான மரை அதில்தான். நெம்பினால் திருகுக்கு ஒன்றும் ஆகாது, அந்த நட்டு பிளந்துவிடும். நட்டைப் பிடித்திருக்கும் போல்ட் அடிப்பக்கத்தில் பெயின்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். சுரண்டிக் கண்டுபிடித்து அதை முதலில் தளர்த்து. பிறகு மொத்த வைஸையும் மண்ணெண்ணெயில் ஒரு வாரம் ஊறப் போடு. ஒரு வாரம் என்றால் ஒரு வாரம், ஒரு சாயங்காலம் இல்லை.

தாடைகளின் பல் தேய்ந்திருக்கிறதா? அடித்தட்டு சுழலுகிற வகையா, அப்படியே நிற்கிற வகையா? கீறல் ஏதாவது தெரிகிறதா என்று சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார். மணிபோல ஒலித்தால் நல்ல உடம்பு, ஓட்டைப் பானைபோல ஒலித்தால் உள்ளே விரிசல்.

ஆகஸ்ட் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கலாம், இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் நிதானம்


வீட்டிலிருந்து
மார்ச் 9

அன்புள்ள நிதானத்துக்கு,

எல்லோரும் நலம், வைஸைத் தவிர.

உங்கள் கடிதம் வரும் வரும் என்று வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தே என் செருப்பு தேய்ந்தது. இருப்புக் கொள்ளவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. ஒரு டப்பா எண்ணெயை அதன் தலையில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் பொறுத்தேன். எனக்கு அது ஒரு யுகம், தெரியுமா? அப்புறம் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைக் கைப்பிடியில் மாட்டி, என் முழு எடையையும் போட்டு ஒரு தொங்கு தொங்கினேன்.

கடக்!

திறந்துகொண்டது என்று குதித்தேன். கைப்பிடி விர்ரென்று சுற்றுகிறது, தாடை இம்மியும் அசையவில்லை. இடி விழுந்தாலும் கேட்காத உங்கள் அம்மா உள்ளேயிருந்து, "என்னடி ஒடச்ச?" என்றார். அது மட்டும் எப்படித்தான் கேட்டதோ!

அப்புறம் அடியில் சுரண்டிப் பார்த்தால் ஒரு போல்ட். அதைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு வார்ப்பிரும்பு நட்டு இரண்டு துண்டாக என் மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். முதல் சாமானையே உடைத்துவிட்டு நான் என்ன பட்டறை நடத்தப் போகிறேன்?

மார்ச் 13

கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பும்போது உங்கள் கடிதம் வந்தது. "நெம்பாதே." அதன் கீழே கோடு வேறு. நாலு நாள் முன்னால் வந்து தொலைந்திருக்கக் கூடாதா? தபால்காரரை வாசலிலேயே பிடித்துப் பொரிந்து தள்ளினேன். "நான் என்னம்மா பண்ணேன்? கப்பல்ல இருந்து வருதுல்ல" என்று அழாக்குறையாகப் போனார், பாவம்.

பெரிய திருகு நன்றாக இருக்கிறது. உடம்பும் தட்டினால் மணிபோலத்தான் ஒலிக்கிறது. நட்டு மட்டும்தான். கடையில் கிடைக்குமா?

உங்கள் அவசரம்


கப்பலிலிருந்து
ஏப்ரல் 1

அன்புள்ள அவசரத்துக்கு,

நான் சுகம். உன் கடிதம் படித்துச் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். சிரித்தேன், பிறகு நீ அழுதாய் என்ற வரியில் நிறுத்திக்கொண்டேன். குழாயில் தொங்கி நட்டை உடைக்காத ஃபிட்டர் எந்த ஊரிலும் இல்லை. நானும் உடைத்திருக்கிறேன்.

அந்த நட்டு கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்காதே. நான் செய்கிறேன். எங்கள் லேத்தில் கடைந்து, வெண்கலத்தில். ஒரு பழைய வால்வின் தண்டு கைவசம் இருக்கிறது, சீஃப் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டேன். வார்ப்பிரும்பு போல் பிளக்காது, நம் காலத்துக்கும் உழைக்கும்.

எனக்கு அளவு வேண்டும். திருகில் துரு இருக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் இறுக்கிச் சுற்று. கட்டை விரலால் அழுத்தித் தேய். மரையின் முகடுகள் தாளில் கோடு கோடாகப் பதியும். அந்தத் தாளை அப்படியே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, சுற்றி வரைந்து, நீளம் அகலம் எழுது. துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தபாலில் அனுப்பினால் எங்கே போகுமோ. நட்டை நானே கையோடு கொண்டு வருகிறேன்.

சீஃபுக்கு என் வேலை பிடித்துப்போய்விட்டது. "இன்னொரு ரவுண்டு ஓடிட்டுப் போயேன்" என்றார் அன்றைக்கு. சும்மா பேச்சுக்குத்தான்.

அம்மாவை வெயிலில் வாசலில் உட்காரவிடாதே.

உன் நிதானம்


வீட்டிலிருந்து
ஏப்ரல் 20

அன்புள்ள நிதானத்துக்கு,

நலம். அத்தையின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் வடியவில்லை. உங்கள் கண் எரிச்சல் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே, அந்தச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா?

இத்துடன் தாள். துருவே மை மாதிரி பதிந்திருக்கிறது பாருங்கள். என் கட்டை விரல் ரேகையும் சேர்ந்து பதிந்துவிட்டது, அதையும் சேர்த்து லேத்தில் கடைந்துவிடாதீர்கள்.

"கையோடு கொண்டு வருகிறேன்" என்று எழுதினீர்களே, அந்த இடத்தை அத்தைக்கு இரண்டு தடவை கத்தி வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஐஸ் ஃபேக்டரிக் காவலாளி வரைக்கும் "ஆகஸ்டுல வர்றாராமே?" என்கிறார்.

இப்போது பகலெல்லாம் நான் வைஸோடுதான். முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டேன். தாரையும் பெயின்ட்டையும் சுரண்டிக் கம்பிப் பிரஷால் தேய்த்ததில் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான உடம்பு வந்திருக்கிறது. தாடைப் பற்களைத் திருப்பி மாட்டினால் மறுபக்கம் புத்தம் புதுசாக இருக்கிறது. ஒரு தடவை கையை வைத்தால் எடுக்க மனசே வருவதில்லை. எடுத்தால் மறுபடி வாசலுக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடக்கிறேன்.

மேசைக்குப் பலகை வாங்கியாயிற்று. தச்சர் வந்து பார்த்தார். "வைஸோட மேல்விளிம்பு, நிக்கிற ஆளோட முழங்கைக்குச் சரியா வரணும். ஏறுனா தோள் போகும், எறங்குனா முதுகு போகும். யாரோட முழங்கை?" என்றார். "வீட்டுக்காரரோடது" என்றேன். சுவரோரம் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்லி எழுதுங்கள். அதுவரைக்கும் மேசைக்காலை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

எந்தத் தேதி என்றும் எழுதுங்கள்.

உங்கள் அவசரம்


கப்பலிலிருந்து
மே 16

அன்புள்ள அவசரத்துக்கு,

நலம். கண் எரிச்சல் இல்லை. அம்மாவின் கால் பற்றிப் படித்து நிம்மதி.

தாள் வந்து சேர்ந்தது. அருமையான பதிவு. சதுர மரை, நான் நினைத்தபடியே. இதை லேத்தில் உள்பக்கமாக வெட்டுவது லேசான காரியம் இல்லை. உள்ளே உளி என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தும் கையில் படும் அதிர்வை வைத்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பல் ஆடாத நாளாகப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். துளை போட்டாயிற்று. உளியை நானே தீட்டினேன். முதல் உளி நுனி உடைந்தது, இரண்டாவது சரியாக வந்தது. தினமும் வேலை முடிந்து கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் மரை கிழிந்துவிடும். சோதித்துப் பார்க்க உன் திருகு இங்கே இல்லையே என்று, தாளைப் பார்த்து அதே அளவில் ஒரு குட்டித் திருகும் கடைந்து வைத்திருக்கிறேன்.

உள்பக்கப் பெயின்ட் அடிக்காதே. சறுக்கும் இடமெல்லாம் எண்ணெய் மட்டும் போதும்.

"பகலெல்லாம் வைஸோடுதான்" என்று எழுதியிருந்தாய். பகலில் மோட்டார் கடைக்குப் போகவில்லையா?

உன் நிதானம்


வீட்டிலிருந்து
ஜூன் 5

அன்புள்ள நிதானத்துக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் உளி சொல்கிறது.

இரண்டு பக்கக் கடிதத்தில் நட்டு இருக்கிறது, உளி இருக்கிறது, குட்டித் திருகு இருக்கிறது. முழங்கை எங்கே? தேதி எங்கே? ஒரு அளவு எடுத்து எழுத என்ன கஷ்டம்? ஐயா சாமி, ஒரு நூல் கயிற்றைக்கூட வெட்டி அனுப்பலாமே!

தச்சர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டார். மேசைப் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது, கால்கள் மூலையில் கிடக்கின்றன. வைஸ் சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பல்லெல்லாம் பளபளக்க. அத்தை தினம் மத்தியானம் கொட்டகைக்கு வந்து அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "அவன் வந்து முதல்ல என்ன செய்வான்?" என்று நேற்று கேட்டார். "தூங்குவாரு" என்றேன்.

மோட்டார் கடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கேட்டதற்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள், அப்புறம் நான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கோபமாக இல்லை. கொஞ்சம்தான்.

அவசரம்


கப்பலிலிருந்து
ஜூன் 27

அன்புள்ள அவசரத்துக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

இத்துடன் நட்டு. துறைமுகத்தில் ஏஜென்ட் பத்திரமாகத் தபாலில் சேர்க்கிறேன் என்றார். எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கிறேன், பிரித்ததும் மண்ணெண்ணெயில் கழுவு, லேத் தூள் ஒன்று இரண்டு இருக்கலாம். மாட்டும்போது அடி போல்ட்டை முழுக்க முறுக்காதே. திருகை உள்ளே ஓட்டி, நட்டு தன் இடத்தைத் தானே பார்த்து உட்கார்ந்த பிறகு முறுக்கு. மரைக்கு கிரீஸ் போடு.

மேசைக்காலை உன் முழங்கை உயரத்துக்கே வெட்டிக்கொள். அதுதான் சரியாக இருக்கும்.

மழைக்கு முன் கொட்டகைக் கூரையைப் பார்க்கச் சொல்.

உன் நிதானம்


வீட்டிலிருந்து
ஜூலை 15

கப்பல்காரருக்கு,

உங்கள் அம்மா நலம். என்னைக் கேட்காதீர்கள்.

பார்சல் வந்தது. தபால்காரர் ஆசையாகக் கொண்டு வந்து நீட்டினார், "கப்பல்ல இருந்தும்மா, நல்ல கனம்" என்று. கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கையோடு கொண்டு வருகிறேன் என்றீர்கள். நட்டு வந்துவிட்டது, கையைக் காணோம். வரவில்லை என்று ஒரு வரி எழுத வாயில்லை, எண்ணெய்த் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். முழங்கை உயரம் கேட்டால் "உன்னுடையதே சரி" என்கிறீர்கள். நான் என்ன குழந்தையா, இது என்னவென்று புரியாமலிருக்க?

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மார்ச் கடைசியிலேயே மோட்டார் கடை வேலையை விட்டுவிட்டேன். முதலாளி, "அவரு வந்து எறங்கட்டும்மா, அப்புறம் விடேன்" என்றார். "அவர் சொன்னா சொன்னதுதான்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் வந்து இறங்கும்போது கொட்டகை தயாராக இருக்க வேண்டும், அசந்து போக வேண்டும் என்று ஆசை. என் இடத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறாள். அந்தப் பக்கம் போனால் முதலாளி ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் தாங்கவில்லை.

அத்தையிடம் பார்சலைக் காட்டவில்லை. காட்டினால் பையன் அனுப்பியது என்று சந்தோஷப்படுவார். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

உண்மையை எழுதுங்கள். நட்டு, உளி, கிரீஸ் எதுவும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள்.


கப்பலிலிருந்து
ஆகஸ்ட் 3

அவசரத்துக்கு,

அன்புள்ள என்று எழுத எனக்கு முகமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

நீ வேலையை விட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

சீஃப் பேச்சுக்குக் கேட்கவில்லை. இன்னொரு ஒப்பந்தத்துக்கான தாள் அவர் மேசையில் ஏப்ரலிலிருந்து கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. செப்டம்பர் முதல் வாரம் பெரிய துறைமுகம். அதற்குள் போட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே இறங்கிவிட வேண்டும். தினம் போய் அந்தத் தாளைப் பார்க்கிறேன், மேல்தளத்துக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன், திரும்பி வந்து மறுபடி பார்க்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

வேறொரு பெண்ணோ, குடியோ, கடனோ ஒன்றும் இல்லை. பயம். அவ்வளவுதான்.

போன தடவை வந்தபோது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அம்மா சொன்னார். எனக்குப் பரம சந்தோஷம். பெட்டியைக் குடைந்து ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். நீ காலையிலேயே வாஷரை மாற்றிவிட்டிருந்தாய். அலமாரிக் கதவு, மின்விசிறி, அம்மாவின் நாற்காலிக் கால், எதைத் தொடப் போனாலும் நீ முடித்து வைத்திருந்தாய். கடைசியில் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும்போது விருந்தாளிகளுக்கு வைக்கிற நல்ல தட்டை எனக்கு வைத்தாய். நீயும் அம்மாவும் உங்கள் தட்டில் சாப்பிட்டீர்கள். அன்றைக்கே கப்பலுக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது.

இங்கே ஒரு பம்ப் நின்றால் ஏழு பேர் என்னைத் தேடி ஓடி வருகிறார்கள். அங்கே நான் எதற்கு? பத்து வருஷத்தில் நீ நானில்லாமல் எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாய். பட்டறையிலும் நீ ஓடுவாய், நான் ஓரமாக நிற்பேன் என்று தோன்றிவிட்டது. நட்டு செய்கிற வரைக்கும்தான் எனக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. அதனால்தான் அவ்வளவு மெதுவாகச் செய்தேன்.

நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.


வீட்டிலிருந்து
ஆகஸ்ட் 19

என்னங்க,

நான் நலமில்லை. நீங்களும் நலமில்லை என்று தெரிகிறது. சாப்பிடுங்கள் முதலில். பட்டினி கிடந்து யோசித்தால் எந்த முடிவும் உருப்படாது.

கடிதத்தைப் படித்துவிட்டு உங்களை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அப்புறம் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் மறுபடி அறைய வேண்டும் போலிருந்தது.

ஸ்பேனரோடு நீங்கள் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். வேடிக்கை என்றுதான் நினைத்தேன். வாஷரை நான் மாற்றாமல் என்ன செய்வது? நீங்கள் வருகிற வரைக்கும் பத்து மாசம் வீடு ஒழுகிக்கொண்டே இருக்குமா? நான் ஏன் எதையும் மிச்சம் வைப்பதில்லை தெரியுமா? கை சும்மா இருந்தால் மனசு உங்களிடம் ஓடிவிடுகிறது. அதைப் பிடித்து நிறுத்த எனக்கு ஒரு குழாயோ மின்விசிறியோ வேண்டியிருக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று நீங்கள் நினைத்தது அதுதான். பத்து வருஷமாக அதுதான்.

நல்ல தட்டு வைத்தது மரியாதைக்கு இல்லை. ஆசைக்கு. இது கூடவா எழுதிக் காட்ட வேண்டும்?

நட்டை மாட்டிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, போல்ட்டைத் தளர்வாக விட்டு, திருகை ஓட்டி, அது உட்கார்ந்த பிறகு முறுக்கினேன். ஒரு விரலால் தள்ளினால் கைப்பிடி சுற்றுகிறது. மேசையை என் முழங்கைக்கே வெட்டச் சொல்லிவிட்டேன். இனி யாருக்காகவும் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்க எனக்கு முடியாது. வேலை வரத் தொடங்கிவிட்டது. தையல்காரரின் மெஷின், ஐஸ் ஃபேக்டரியின் சின்ன பம்ப். மோட்டார் எல்லாம் என் கைக்கு வரும். ஆனால் எனக்கு அரம் பிடிக்கத் தெரியவில்லை. தகட்டைச் சமமாக அராவினால் நடுவில் முதுகு விழுகிறது, ஓரம் சரிகிறது. மூன்று தகட்டைப் பாழாக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆனால் அதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. அரம் பிடிக்கிறவர் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு நீங்கள் வேண்டும். ஒரு வேலையும் செய்யாமல் படியில் உட்கார்ந்திருந்தாலும் வேண்டும்.

கையெழுத்துப் போடு, போடாதே என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்கள் வந்தால், நாளைக்கு ஒரு குழாய் ஒழுகாத நாளில் மறுபடி கப்பலைத் தேடுவீர்கள். நீங்களே முடிவு செய்யுங்கள். போட்டுவிட்டால் ஒரே வரி எழுதுங்கள், போதும். நான் முதலாளியிடம் போய்த் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அத்தையிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் அந்தத் துறைமுகத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று தபால் நிலையத்தில் கேட்டேன். "சேரலாம்" என்றார்கள். சேரும் என்று சொல்லவில்லை.

அவசரம்


கொட்டகைக் கதவில் ஒட்டியது
செப்டம்பர் 23, செவ்வாய்

என்னங்க,

தந்தி இன்று காலையில்தான் வந்தது. "மத்தியானம் வருகிறேன்" என்று மட்டும் இருக்கிறது, எந்த மத்தியானம் என்று இல்லை. ஸ்டேஷனுக்கு வரலாம் என்றால் எந்த வண்டி என்றும் இல்லை. வாசலிலேயே நின்றேன், முடியவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் பம்புக்காக ஆள் அனுப்பிவிட்டார்கள், நான் போய் மாட்டினால்தான் ஓடும். போயே ஆக வேண்டும்.

அத்தை தூங்குகிறார். கதவைத் தட்டினால் கேட்காது, பின்பக்கமாக வாருங்கள், திறந்துதான் இருக்கிறது. அவரை மெதுவாக எழுப்புங்கள். நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களே போய் முன்னால் நில்லுங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

வைஸில் ஒரு தகடு இருக்கிறது. தையல்காரருடையது, சாயங்காலம் வந்து கேட்பார். ஒரு பக்கம் நான் அராவினேன், பார்த்தால் சிரிப்பீர்கள். மறுபக்கம் தொடவில்லை. அரம் பக்கத்திலேயே இருக்கிறது. முடிந்தால் செய்யுங்கள், களைப்பாக இருந்தால் படுங்கள்.

நான் ஓடியே வந்துவிடுவேன். அதற்குள் எங்கேயும் போய்விடாதீர்கள்.